பீ மலையும் கோதிக் மாளிகையும்

பீயைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். மூக்கைப் பொத்திக்கொள்கிறவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். 'மலம்', 'கழிவு', 'அசுத்தம்' என்றெல்லாம் எழுதினால் படிக்கிறவர்களுக்கு நாற்றம் கொஞ்சம் குறையும் என்பது எனக்கும் தெரியும். ஆனால் எங்க அவ்வா சாகும்வரை அந்தச் சொற்களைச் சொன்னதில்லை. அவள் அள்ளியது பீ.

என் அக்கா மகன் இங்கிலாந்தில் பிரிஸ்டல் பக்கம் படிக்கிறான். எங்க வகையறாவில் கடல் தாண்டிய முதல் ஆள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பக்கத்திலிருந்த மாளிகை ஒன்றைப் பார்க்கப் போய்விட்டு, படம் படமாக எடுத்து அனுப்பினான். "மாமா, வீடுன்னா வீடு, அப்படி ஒரு வீடு. உள்ளேயே ஒரு சர்ச் கட்டி வச்சிருக்கான். இதைக் கட்டினவன் எப்படிச் சம்பாதிச்சான் தெரியுமா? பறவை பீயை வித்து மாமா!" என்றான் போனில். சொல்லிவிட்டுச் சிரித்தான். நானும் சிரித்தேன். அப்புறம் இரண்டு பேருக்குமே சிரிப்பு நின்றுபோனது.

அந்த மாளிகையின் பெயர் டின்டஸ்ஃபீல்டு. வடக்கு சாமர்செட்டில் ராக்சால் என்ற ஊருக்குப் பக்கத்தில் இருக்கிறது. இங்கிலாந்துப் பாரம்பரியக் கட்டடங்களின் பட்டியலில் முதல் தரம் என்று பொறித்துவைத்திருக்கிறார்கள். இடிக்கக்கூடாது, மாற்றக்கூடாது, அனுமதியில்லாமல் கை வைக்கக்கூடாது. கூர்மையாக மேலே போய் முட்டும் வளைவுகள், சின்னச் சின்னக் கோபுரங்கள், செதுக்கிய கல், வண்ணக் கண்ணாடி. கோதிக் பாணி. விக்டோரியா காலத்தில் பணம் படைத்தவர்களுக்கு இந்தப் பாணியில் ஒரு மோகம் இருந்தது. நேற்று சம்பாதித்த காசுக்கு அறுநூறு எழுநூறு வருசத்துப் பழைய முகத்தை ஒட்டிவைக்க இதைவிட வசதியான பாணி வேறில்லை. வியாபாரி வீட்டுக்குள் நுழைகிறவன், ஏதோ இடைக்காலத்து மடாலயத்துக்குள் நுழைகிறோம் என்று நினைத்துக் குரலைத் தாழ்த்திக்கொள்ள வேண்டும்.

வில்லியம் கிப்ஸ் 1790-இல் மாட்ரிட்டில் பிறந்தவர். அப்பா வைத்த ஆன்டனி கிப்ஸ் அண்ட் சன்ஸ் என்ற வணிக நிறுவனத்தை நடத்தியவர். 1843-இல் இந்த இடத்தை வாங்கினார். அப்போது அங்கே இருந்தது இதைவிடச் சின்னதான ஒரு மாளிகைதான். 1863-இல் ஜான் நார்ட்டன் என்ற கட்டடக் கலைஞரை வைத்துப் பெரிதாக்க ஆரம்பித்து 1865 வாக்கில் முடித்தார்கள். செலவு சுமார் 70 ஆயிரம் பவுண்டு. 1870களில் ஆர்தர் ப்ளோம்ஃபீல்டு என்பவரைக் கொண்டு வீட்டோடு ஒட்டி அந்தச் சிற்றாலயத்தையும் எழுப்பினார்கள். பாரிஸில் இருக்கும் புகழ்பெற்ற சாந்த் ஷப்பேல் ஆலயத்தைப் பார்த்து அதே சாயலில் செய்தது. கிப்ஸ் பெரிய பக்திமான். ஊர் ஊராகச் சர்ச் கட்டப் பணம் கொடுத்தவர். ஆக்ஸ்ஃபோர்டில் கீபிள் கல்லூரியின் பெரிய ஆலயமே அவர் பணத்தில் எழுந்ததுதான். தன் வீட்டுச் சிற்றாலயத்திலேயே தன்னைப் புதைக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். உள்ளூர்ப் பாதிரி ஒத்துக்கொள்ளாததால் 1875-இல் செத்தபோது ஊர்ச் சர்ச்சில்தான் புதைத்தார்கள். ஒரு கோடீஸ்வரனுக்கு இடுகாட்டுத் தகராறு வந்தால் அது எப்படிக் கௌரவமாக முடிகிறது பாருங்கள்! நமக்கு வந்தால் பிணம் நடுரோட்டில் கிடக்கும், போலீஸ் வேன் வரும்.

இந்தப் பணமெல்லாம் எங்கிருந்து வந்தது? தென் அமெரிக்காவில் பெரு நாட்டுக் கடற்கரையோரம், பிஸ்கோ துறைமுகத்துக்கு எதிரே சிஞ்சா தீவுகள் என்று மூன்று சின்னத் தீவுகள். அங்கே மழை பெய்வதே அபூர்வம். கடலில் நெத்திலி கொள்ளை கொள்ளையாக இருக்கும். அதைத் தின்று வாழும் நீர்க்காகங்களும் கூழைக்கடாக்களும் லட்சக்கணக்கில் அந்தப் பாறைகளில் கூடு கட்டும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அவை பேண்டது மழையில் கரையாமல் அப்படியே காய்ந்து இறுகி, சில இடங்களில் 150 அடி உயரத்துக்கு மலையாக நின்றது. குவானோ என்று அதற்குப் பெயர். அந்த மண்ணின் மக்களான கெச்சுவாக்களின் மொழிச்சொல். இன்கா காலத்திலேயே அவர்கள் அதை வயலுக்குப் போட்டு வந்தார்கள்; கூடு கட்டும் காலத்தில் பறவையைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று கட்டுப்பாடும் வைத்திருந்தார்கள். தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைந்த உரம். ஐரோப்பிய விஞ்ஞானம் இதைக் 'கண்டுபிடித்தது' 19-ஆம் நூற்றாண்டில்.

சலித்துப்போய்க் கிடந்த இங்கிலாந்து வயல்களுக்கு இது அமிர்தம் மாதிரி ஆனது. கிப்ஸ் நிறுவனம் 1842-இல் இந்த வியாபாரத்தில் இறங்கியது. தீவுகள் பெரு அரசின் சொத்து. அரசுக்கு முன்பணமாகக் கடன் கொடுப்பது, பதிலுக்குப் பீயை எடுத்து விற்றுக்கொள்வது, இதுதான் ஏற்பாடு. சில ஆண்டுகளில் பிரிட்டன் சந்தை முழுக்க அவர்கள் கைக்கு வந்து, 1861 வரை கையிலேயே இருந்தது. 1858-இல் மட்டும் பிரிட்டனில் இறங்கியது ஏறக்குறைய 3 லட்சம் டன். பிரபுப் பட்டம் இல்லாதவர்களில் இங்கிலாந்தின் ஆகப் பெரிய பணக்காரர் என்று வில்லியம் கிப்ஸைச் சொன்னார்கள். அயல்நாட்டுப் பறவைகளின் பீயை விற்றவர் என்று அவரைக் கேலி செய்து பாட்டுக்கூடக் கட்டியிருக்கிறார்கள். கேலியோடு சரி. அவர் வந்தால் யாரும் எழுந்து தள்ளி நிற்கவில்லை, அவர் தொட்ட கிண்ணத்தை யாரும் கழுவிவிடவில்லை, அவர் கட்டிய ஆலயத்துக்குள் போக எந்தப் பாதிரிக்கும் கூச்சம் வரவில்லை.

இனி அள்ளியவர்களைப் பார்ப்போம்.

முதலில் பெருவின் கைதிகள், பட்டாளத்திலிருந்து ஓடிப் பிடிபட்டவர்கள், கறுப்பின அடிமைகள் இந்த வேலையைச் செய்தார்கள். ஆள் போதவில்லை. 1849-இல் பெரு ஒரு சட்டம் போட்டுச் சீனக் கூலிகளை இறக்குமதி செய்ய வழி திறந்தது. அந்த இறக்குமதியில் முன்னால் நின்றவர் தோமிங்கோ எலியாஸ் என்ற பண்ணைமுதலாளி. தீவில் பீயை வெட்டிக் கப்பலில் ஏற்றும் ஒப்பந்தமும் அவருக்கே கிடைத்தது. 1854-இல் பெரு அடிமைமுறையை ஒழித்தது. எப்படி ஒழித்தது? குவானோ பணத்தை எடுத்து, ஓர் அடிமைக்கு 300 பெசோ என்று எசமானுக்கு நட்டஈடு கொடுத்து ஒழித்தது. விடுதலையான மனுசனுக்குச் சல்லிக்காசு இல்லை. எசமான் அந்தப் பணத்தில் சீனக் கூலிகளை வாங்கிக்கொண்டான். இப்படியும் ஓர் 'ஒழிப்பு' உண்டு, சட்டப் புத்தகங்களில் பொன்னெழுத்தில் இருக்கும்.

1849-லிருந்து 1874 வரை 90 ஆயிரத்துக்கும் மேற்பட்ட சீனர்கள் பெருவுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். ஏறக்குறைய பத்தில் ஒருவர் கப்பலிலேயே செத்தார். மிச்சப்பட்டவர்களில் பெரும்பாலோர் கரும்பு, பருத்திப் பண்ணைகளுக்குப் போனார்கள். தீவுகளுக்குப் போனவர்கள் ஒரு சமயத்தில் சில நூறு பேர்தான் இருப்பார்கள். எண்ணிக்கை சின்னது என்று விட்டுவிட முடியாது. கிப்ஸின் கப்பல்களை நிரப்பியதில் அந்தச் சில நூறு பேரின் கையும் இருந்தது. எட்டு வருச ஒப்பந்தம். மாதம் 4 பெசோ கூலி. படிக்கத் தெரியாத காகிதத்தில் கைநாட்டு. நம்ம மதராஸ் மாகாணத்திலிருந்து மொரீசியசுக்கும் இலங்கைக்கும் நம் ஆட்களை ஏற்றிப்போனதும் இதே காலத்தில்தான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அடிமை வியாபாரத்தை நிறுத்திவிட்டோம் என்று மார்தட்டிக்கொண்டிருந்த நேரம் அது.

தீவில் ஒரு புல் கிடையாது. குடிக்கத் தண்ணீர் கிடையாது, கரையிலிருந்துதான் வர வேண்டும். மண்வெட்டியும் கடப்பாறையும் கொண்டு காய்ந்து இறுகிய பீயை வெட்டி, தள்ளுவண்டியில் பாறை விளிம்புக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். அங்கிருந்து நீளமான கித்தான் குழாய் வழியாகக் கீழே நிற்கும் கப்பலின் வயிற்றில் கொட்டும். கொட்டும்போது எழும் தூசியில் தீவே மஞ்சளாக மறையும். அமோனியா நெடி கண்ணை எரித்து, மூக்கிலிருந்து ரத்தம் வரவைக்கும். கப்பலுக்குள் நின்று அதைச் சமப்படுத்துகிறவன் வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாலே பெரிது, ஆள் மாற்ற வேண்டும். ஒரு நாளைக்கு ஓர் ஆள் நான்கு டன், ஐந்து டன் வெட்ட வேண்டும் என்று அளவு வைத்திருந்ததாக அங்கே போய் வந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். குறைந்தால் சவுக்கு. தாங்க முடியாதவர்கள் பாறை உச்சியிலிருந்து கடலில் குதித்துச் செத்தார்கள். ஒருவர் இருவர் இல்லை. குதிக்காமல் தடுக்க விளிம்பில் காவல் போட வேண்டி வந்தது. சாவதற்குக்கூட அனுமதி வாங்க வேண்டிய இடம். உரம் ஏற்றப் போன பிரிட்டிஷ் கப்பல் தலைவர்களே பார்க்கச் சகிக்காமல் புகார் எழுதினார்கள். 1856-இல் பெரு கூலி இறக்குமதியை நிறுத்தியது. 1861-இல் மறுபடி திறந்துவிட்டது. குவானோ ஏற்றுவது மட்டும் ஒருநாளும் நிற்கவில்லை.

இந்த இடத்தில் ஒரு பதில் வரும். நாகரிகமான பதில். 'கிப்ஸ் கூலிகளை வாங்கவில்லை. கிப்ஸ் சவுக்கைத் தொடவில்லை. தீவு பெரு அரசுடையது, ஆட்கள் எலியாஸின் ஆட்கள். கிப்ஸ் வெறும் விற்பனை முகவர்.' காகிதத்தில் பார்த்தால் இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதனால்தான் எனக்கு வயிறு எரிகிறது. இந்தப் பதிலை நான் ஏற்கெனவே கேட்டிருக்கிறேன். நம் ஊரில் சாக்கடைக் குழிக்குள் இறங்கிய நம் பையன் விஷவாயு அடித்துச் செத்தால் என்ன சொல்கிறார்கள்? 'அவர் எங்கள் ஊழியர் அல்ல. ஒப்பந்தக்காரர் கொண்டுவந்த ஆள்.' ஒப்பந்தக்காரரைக் கேட்டால், 'நான் இறங்கச் சொல்லவே இல்லை.' 1993-இல் ஒரு சட்டம், 2013-இல் இன்னொரு சட்டம், 2014-இல் உச்சநீதிமன்றத்தில் 10 லட்சம் நட்டஈடு, 2023-இல் அதை 30 லட்சமாக்கித் தீர்ப்பு. சட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் கையில் பீ படாமல் பலனை மட்டும் எடுத்துக்கொள்ள நடுவில் ஒரு ஆளை நிறுத்திவைக்கும் வித்தை இருக்கிறதே, அதற்கு 170 வயதுக்கு மேல் ஆகிறது. எல்லாக் கண்டங்களிலும் அது ஒரே மாதிரி வேலை செய்கிறது.

அவ்வா கதைக்கு வருகிறேன். அவள் ஒரு சின்ன நகரசபையில் முப்பது வருசத்துக்கு மேல் வேலை பார்த்தாள். ஊர் பெயர் எதற்கு, எல்லா ஊரும் அந்த ஊர்தான். விடிவதற்கு முன்னால் வாளி, தகரம், துடைப்பம், ஒரு கூடை சாம்பல். எடுப்புக் கக்கூஸுக்குப் பின்னால் சந்துப் பக்கம் ஒரு பொந்து இருக்கும். அதற்குள் கையை விட்டுத் தகரத்தால் வழித்து வாளியில் போட்டு, வண்டிவரை தலையில் சுமக்க வேண்டும். மழைக்காலத்தில் வாளி ஒழுகும். இதெல்லாம் நம் பக்கங்களில் பலர் எழுதிவிட்டார்கள். யாரும் அதிகம் எழுதாதது வண்டி அப்புறம் எங்கே போனது என்பது.

வண்டி ஊருக்கு வெளியே உரக்கிடங்குக்குப் போனது. குழி வெட்டி, ஒரு வரிசை தெருக்குப்பை, ஒரு வரிசை பீ, மேலே மண் என்று அடுக்கி மூடிவிடுவார்கள். நாலைந்து மாதத்தில் நாற்றம் போய் கருப்பாக, பொலபொலவென்று உரம். அதை நகரசபை வண்டிக் கணக்கில் விற்கும். ஊர்க் கவுண்டர்களும் நாயக்கர்களும் மாடு பூட்டி வந்து நிற்பார்கள். அதே கை அள்ளிய அதே பீ, விலைச்சீட்டு எழுதியவுடன் தீட்டு கழன்றுபோய்விடும். கத்திரித் தோட்டத்துக்கும் நெல் வயலுக்கும் அதைக் கையாலேயே இறைப்பார்கள். இறைத்த கையோடு வந்து டீக்கடையில் கண்ணாடி டம்ளரில் டீ குடிப்பார்கள். அவ்வாவுக்குக் கொட்டாங்கச்சி. பிற்பாடு அலுமினியக் குவளை, தானே கழுவிக் கவிழ்த்துவைக்க வேண்டும்.

பீயில் தீட்டு இருந்தால் அந்த வயலுக்கு ஒட்டியிருக்க வேண்டும், நெல்லுக்கு ஒட்டியிருக்க வேண்டும், அந்தச் சோற்றில் படையல் வாங்கின சாமிக்கும் ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டவில்லை. டின்டஸ்ஃபீல்டின் பலிபீடத்துக்கும் ஒட்டவில்லை. அங்கே அதைக் கழுவியது பணமும் கடலின் தூரமும். இங்கே கழுவியது சாதி. சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டும் அல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்துவைக்கும் ஏற்பாடு என்று 1936-லேயே அம்பேத்கர் சொல்லிவிட்டார். இந்தத் தொழில் புனிதமானது, தாய் செய்வது போன்றது என்று மகாத்மாக்கள் சொன்னதும் அந்தக் காலத்தில்தான். புனிதத்தை எல்லாம் எங்களுக்குக் கொடுத்துவிட்டு உரம் விற்ற காசை அவர்கள் வைத்துக்கொண்டார்கள். இரண்டு ஊரும் ஒன்றே என்று நான் சொல்லவில்லை. தப்பிப் பிழைத்த சீனனின் பேரன் லிமாவில் கடை வைத்தான், ஓட்டல் வைத்தான். அவனுக்கும் அவமானங்கள் உண்டு, ஆனால் பிறக்கும்போதே அவன் பேரப்பிள்ளை கையில் மண்வெட்டியைக் கொடுத்து 'இதுதான் உன் கர்மா' என்று சொல்ல அங்கே மனுதர்மம் இல்லை. எங்க அவ்வா வேலை, அவள் போனபின் எங்க பெரியம்மாவுக்குத்தான் 'வாரிசு வேலை'யாக வந்தது. சலுகையாம்.

இன்னொன்று. எசமான்கள் கூலிகளில் பலருக்கு ஸ்பானியப் பெயர் வைத்தார்கள், வாயில் நுழையவில்லை என்று. அவ்வாவின் பெயர் ஓபுளம்மா. வேலைப் பதிவேட்டில் குமாஸ்தா எழுதியது 'ஒப்பாயி'. பென்சன் கேட்டுப் போனபோது ஓபுளம்மா என்று யாரும் வேலை பார்க்கவே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு வருசம் நடந்தாள். பிறகு நடக்க முடியவில்லை.

இப்போது மாளிகைக்குத் திரும்புவோம். கிப்ஸ் குடும்பத்தின் நான்காம் தலைமுறை வாரிசு, ராக்சால் பிரபு, 2001-இல் செத்தார். பிரபுப் பட்டமும் நடுவில் வந்துவிட்டது பாருங்கள்! வீடு விற்பனைக்கு வந்தது. தேசிய அறக்கட்டளை என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பு மக்களிடம் கையேந்தி, சில மாதங்களில் 80 லட்சம் பவுண்டுக்கு மேல் திரட்டியது. தேசியப் பாரம்பரிய நினைவு நிதி 1 கோடியே 74 லட்சம் பவுண்டு கொடுத்தது. 2002-இல் வீடு காப்பாற்றப்பட்டது. அப்புறம் உட்கார்ந்து எண்ணினார்கள். நாற்காலி, மெழுகுவர்த்தித் தண்டு, ஸ்பூன், பொம்மை, குடை என்று பல பத்தாயிரம் பொருள்களுக்கு எண் போட்டு அட்டவணை ஆனது. ஒரு வீட்டின் ஸ்பூனைக்கூட எண்ணிவைக்கும் அக்கறை எனக்குப் பிடித்திருக்கிறது. பொய்யாகச் சொல்லவில்லை. அந்த அக்கறையில் நூறில் ஒரு பங்கு பாறையிலிருந்து குதித்தவர்கள் பக்கம் திரும்பியிருந்தால் எத்தனை பெயர் கிடைத்திருக்கும் என்றுதான் கேட்கிறேன்.

நேர்மைக்காக இதையும் சொல்ல வேண்டும். 2020 செப்டம்பரில் அதே அறக்கட்டளை, தன் கையிலுள்ள இடங்களில் 93-க்கு அடிமைமுறையோடும் காலனியத்தோடும் என்ன தொடர்பு என்று ஓர் அறிக்கை வெளியிட்டது. டின்டஸ்ஃபீல்டும் அதில் இருக்கிறது. உடனே அங்கே ஒரு கூச்சல். பத்திரிகைகள், நாடாளுமன்ற உறுப்பினர்கள். வரலாற்றை அசிங்கப்படுத்துகிறார்களாம், ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு தோட்டம் பார்க்க வருகிறவர்களின் மனசு நோகுமாம். அசிங்கம் என்ற அந்த வார்த்தையை நான் குறித்துவைத்துக்கொண்டேன். பீயை விற்றது அசிங்கமில்லை, அதை வைத்துக் கோதிக் கோபுரம் எழுப்பியது அசிங்கமில்லை. யார் அள்ளியது என்று கேட்டால் அசிங்கம். நம் ஊரிலும் சாதியைச் செய்கிறவன் சாதி பார்க்கிறவன் இல்லை, அதைப் பற்றிப் பேசுகிறவன்தான் 'சாதி வெறியன்'.

சிஞ்சா தீவுகளின் பீ மலைகள் 1870களில் பாறை தெரியும்வரை சுரண்டப்பட்டுவிட்டன. ஒரு கோடி டன்னுக்கு மேல் போனது. பெரு 2009-இல் அந்தத் தீவுகளையெல்லாம் பறவைகளுக்கான காப்பிடம் என்று அறிவித்தது. அரசு மேற்பார்வையில் பெருவின் குவானோத் தீவுகளில் இன்னும் முறைவைத்து வெட்டுகிறார்கள். இன்னும் மண்வெட்டிதான், இன்னும் முதுகில் மூட்டைதான். வெட்ட வருகிறவர்களில் நிறையப் பேர் மலைநாட்டுக் கெச்சுவாக்கள்.

அக்கா மகனிடம் ஒன்று கேட்டேன். "அந்த வீட்டுல அந்தத் தீவோட படம் ஏதாச்சும் பார்த்தியா?" கொஞ்ச நேரம் பேச்சில்லை. "இருந்திருக்கலாம் மாமா. நான் கூரையைப் பார்த்துக்கிட்டே நடந்துட்டேன்" என்றான். அவன்மேல் குற்றமில்லை. அந்தக் கூரை அதற்காகக் கட்டியதுதான்.

எங்கள் ஊர் உரக்கிடங்கு இருந்த இடத்தில் இப்போது வாரச்சந்தை கூடுகிறது. சுற்றுச்சுவரில் ஒரு துண்டு மட்டும் மிச்சம். அங்கே வேலை பார்த்த பதினான்கு பேரின் பெயரைப் பெரியம்மா சொல்லச் சொல்ல எழுதிவைத்திருக்கிறேன். பதிவேட்டுப் பெயர் ஒரு பக்கம், வீட்டுப் பெயர் ஒரு பக்கம். மூன்று பேருக்கு வீட்டுப் பெயர் கிடைக்கவில்லை. இதைப் படிக்கிற தோழர்கள் அவரவர் ஊரில் உரக்கிடங்கு எங்கே இருந்தது, வண்டி எந்தத் தெரு வழியாகப் போனது, யார் யார் அள்ளினார்கள், உரம் யாருடைய வயலுக்குப் போனது என்று விசாரித்து எழுதி இந்த இதழுக்கு அனுப்புங்கள். கிழவிகள் ஒவ்வொருத்தராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.